வீட்டு கம்ப்யூட்டருக்கு பேக்கப், டிஸ்க் இமேஜ்: அடிக்கடி வர்ற கேள்விகள்

விண்டோஸ் 10 இல்ல 11 ஓடுற சாதாரண வீட்டு லேப்டாப், டெஸ்க்டாப்பை மனசுல வச்சு எழுதினது. ஆபீஸ் சர்வர், நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டி வைக்கிற ஸ்டோரேஜ்) எல்லாம் இதுல வராது. மேக் வச்சிருக்கவங்களுக்கு கீழ ஒரு கேள்வி இருக்கு.

முக்கியமான ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன், அது போதாதா?

போதாது. நம்ம ஊர்ல லேப்டாப் வாங்கினதும் கடைக்காரர் சி, டி, இன்னும் ஒரு இ-ன்னு பிரிச்சு கொடுத்துடுவார், அதனால டி வேற டிஸ்க்னு பலர் நினைச்சுட்டு இருக்காங்க. பெரும்பாலான லேப்டாப்ல ஒரே டிஸ்க்தான் உள்ள இருக்கு, சியும் டியும் அதுல போட்ட கோடு. டிஸ்க் செத்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும். விண்டோஸ் மட்டும் கெட்டுப்போய் சியை ஃபார்மேட் பண்ணும்போது டி தப்பிக்கும், அந்த ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் இந்த ஏற்பாடு உதவும். அப்பவும் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சி-க்குள்ளதான் இருக்குங்கறதை ஃபார்மேட் முடிஞ்ச அப்புறம்தான் நிறைய பேர் கண்டுபிடிக்கிறாங்க.

சந்தேகமா இருந்தா ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்க. கீழ் பாதியில டிஸ்க் 0-ன்னு ஒரே வரிசையில சி, டி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரிஞ்சா ஒரே டிஸ்க்.

பேக்கப், இமேஜ், க்ளோன் மூணும் ஒண்ணுதானே?

இல்ல, இந்த குழப்பத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. ஃபைல் பேக்கப்னா நீங்க தேர்ந்தெடுத்த ஃபோல்டரை மட்டும் வேற இடத்துக்கு காப்பி எடுக்கிறது. இமேஜ்னா விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங், டிரைவர், பூட் ஆகறதுக்கு (மெஷின் ஆன் ஆகி விண்டோஸ் வர்றதுக்கு) வேண்டிய கண்ணுக்கு தெரியாத சின்ன பார்ட்டிஷன்கள் (டிஸ்க்ல பிரிச்ச பகுதிகள்) எல்லாத்தையும் சேர்த்து ஒரு பெரிய ஃபைலா சுருக்கி வைக்கிறது, நாளைக்கு அதை விரிச்சா அன்னிக்கு இருந்த மாதிரியே மெஷின் திரும்ப வரும். க்ளோன்னா ஒரு டிஸ்க்கை இன்னொரு டிஸ்க் மேல அப்படியே பதிக்கிறது, மாத்தி போட்டா உடனே பூட் ஆகும், ஆனா அந்த ரெண்டாவது டிஸ்க்ல ஏற்கனவே இருந்தது எல்லாம் அழிஞ்சிடும்.

க்ளோனை பேக்கப்பா நினைக்காதீங்க. எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாத்தும்போது பயன்படுற வேலை அது. ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பத்து இமேஜ் வச்சுக்கலாம், க்ளோன் ஒண்ணுதான் வைக்க முடியும், அதுவும் போன மாசம் அழிச்ச ஃபைல் இன்னிக்கு எடுத்த க்ளோன்ல இருக்காது.

எனக்கு எது வேணும்?

போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், ரெண்டு எக்செல் ஷீட், இவ்வளவுதான்னா ஃபைல் பேக்கப் போதும். விண்டோஸை திரும்ப போடறது ஒரு மதிய வேலைதான்.

இமேஜ் யாருக்கு வேணும்னா, திரும்ப செட் பண்றதுக்கு உயிர் போற மாதிரி மெஷின் வச்சிருக்கவங்களுக்கு. நல்ல உதாரணம் வீட்டுலயே டிடிபி வேலை பண்றவங்க. பழைய பேஜ்மேக்கர், வானவில், பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத ஃபான்ட், அதுக்கு ஒரு கீபோர்டு டிரைவர், பத்து வருஷத்து கல்யாண பத்திரிக்கை ஃபைல்கள்னு இருக்கும். ஃபைலை மட்டும் காப்பி எடுத்துட்டு ஃபார்மேட் பண்ணிட்டீங்கன்னா, திரும்ப திறக்கும்போது தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் பிராக்கெட்டுமா அர்த்தமில்லாம வரும், ஏன்னா ஃபான்ட் இருந்தது சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள, டாக்குமென்ட்ஸ்ல இல்ல. அந்த ஃபான்ட் சிடி இப்ப எங்கன்னு யாருக்கு தெரியும். இமேஜ் எடுத்திருந்தா ஃபான்ட், கீபோர்டு, பிரின்டர் செட்டிங் எல்லாம் சேர்ந்தே வந்திருக்கும்.

என் யோசனை, ரெண்டும் வச்சுக்கோங்க. ஃபைல் அடிக்கடி, இமேஜ் எப்பவாவது.

எந்த சாஃப்ட்வேர் நல்லது? காசு கொடுக்கணுமா?

வீட்டுக்கு காசு கொடுக்க வேண்டியதில்ல. விண்டோஸ்குள்ள இருந்தே ஓடுறதுல வீம் ஏஜென்ட்டோட இலவச பதிப்பு நம்பகமானது, பெரிய கம்பெனிகளுக்கு பேக்கப் விக்கிறவங்களோடது, ஸ்கிரீன் மட்டும் கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கும். ஹாஸ்லியோ பேக்கப் சூட் ஃப்ரீ பார்க்க எளிமையா இருக்கும், இமேஜ் க்ளோன் ரெண்டும் பண்ணும். பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி ஓட்டறதுன்னா க்ளோன்சில்லா, தைவான்ல இருக்கிற அரசாங்க கம்ப்யூட்டிங் மையத்துல உருவானது. அதோட நீல கலர் மெனு பிடிக்கலைன்னா ரெஸ்க்யூசில்லா, மவுஸ்ல கிளிக் பண்ணியே வேலை முடியும், க்ளோன்சில்லா எடுத்த இமேஜையும் திறக்கும்.

இலவசம்னு விளம்பரம் பண்ற சிலதுல எல்லாம் செட் பண்ணி கடைசி பட்டனை அமுக்கும்போதுதான் இதுக்கு காசு கட்டுன்னு வரும், முக்கியமா சிஸ்டம் க்ளோன்ல. டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி இலவச பதிப்புல என்ன உண்டு என்ன இல்லன்னு இருக்கிற டேபிளை பாருங்க. இன்னொரு வழி, புது எஸ்எஸ்டி வாங்கினீங்கன்னா அந்த கம்பெனியே ஏதாவது கொடுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல், க்ரூஷியல் ரெண்டும் அக்ரோனிஸோட ஒரு பதிப்பை அவங்க டிஸ்க்குக்கு இலவசமா கொடுத்திருக்காங்க, சாம்சங்குக்கு சொந்தமா ஒரு மைக்ரேஷன் சாஃப்ட்வேர் உண்டு.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஃப்ரீதான் பெஸ்ட்னு சொல்றாங்களே?

ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. 2022 கடைசியில இலவச பதிப்பை நிறுத்தறதா சொன்னாங்க, செக்யூரிட்டி அப்டேட் 2024 தொடக்கம் வரைக்கும்தான்னும் சொல்லிட்டாங்க. பழைய இன்ஸ்டாலர் எங்கயோ கிடைக்குதுன்னு எடுத்து போடாதீங்க. காசு கொடுக்க தயார்னா தாராளமா வாங்கலாம், நல்ல சாஃப்ட்வேர்.

கடைக்காரர் கோஸ்ட் போட்டு தர்றேன்னு சொல்றார், அது என்ன?

இமேஜைத்தான் சொல்றார். நார்ட்டன் கோஸ்ட் ஒரு காலத்துல எல்லா சர்வீஸ் சென்டர்லயும் இருந்துச்சு, நியூசிலாந்துல ஆக்லாந்துல பிறந்தது, 1998-ல சைமான்டெக் வாங்கினாங்க, 2013-ல நிறுத்திட்டாங்க. சாஃப்ட்வேர் போய் பேர் மட்டும் தங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, அவர் போடறது உங்க இமேஜா, இல்ல அவர் ஏற்கனவே ரெடி பண்ணி வச்ச பொது இமேஜான்னு கேளுங்க. பொது இமேஜ்னா உங்க டேட்டா எதுவும் அதுல இருக்காது, கூடவே என்னென்ன கிராக் பண்ணின சாஃப்ட்வேர் வருதோ.

விண்டோஸ்லயே பேக்கப் இருக்கே, அது போதாதா?

மூணு விஷயம் இருக்கு, மூணும் வேற வேற. கன்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் 7 பேக்கப்னு ஒண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அது முழு இமேஜ் எடுக்கும், ஆனா மைக்ரோசாஃப்டே 2017-ல இதை இனிமே வளர்க்க மாட்டோம், வேற கம்பெனி சாஃப்ட்வேர் பாத்துக்கோங்கன்னு சொல்லிடுச்சு. அவசரத்துக்கு வேலை செய்யும். அது உண்டாக்குற விண்டோஸ்இமேஜ்பேக்கப்-ங்கற ஃபோல்டரை பேர் மாத்தாதீங்க, வேற ஃபோல்டருக்குள்ளயும் தள்ளாதீங்க, அப்படி பண்ணினா ரீஸ்டோர் பண்ணும்போது இமேஜே இல்லன்னு சொல்லும்.

ரெண்டாவது ஃபைல் ஹிஸ்டரி, விண்டோஸ் 8-ல வந்தது, எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டினா ஃபைலோட பழைய பதிப்புகளை சேர்த்து வைக்கும், வீட்டுக்கு இது நிஜமாவே நல்ல சாமான், ஏனோ யாரும் ஆன் பண்றதில்ல. மூணாவது விண்டோஸ் பேக்கப்னு ஒரு புது ஆப், அது ஒன்டிரைவுக்கு சில ஃபோல்டரும் செட்டிங்கும் ஏத்தும், அவ்வளவுதான், இமேஜ் இல்ல. சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட்டை யாராவது பேக்கப்னு சொன்னா நம்பாதீங்க, அது அதே டிஸ்க்ல இருக்கு, உங்க போட்டோவை தொடவே தொடாது.

எவ்வளவு பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கணும்? எவ்வளவு நேரம் ஆகும்?

டிஸ்க்கோட மொத்த அளவு கணக்கு இல்ல, நிரம்பின அளவுதான் கணக்கு. 512 ஜிபி டிஸ்க்ல 120 ஜிபி நிரம்பியிருந்தா இமேஜ் அந்த 120-ஐத்தான் படிக்கும், சுருக்கினா இன்னும் குறையும். விண்டோஸ், சாஃப்ட்வேர் ஃபைல் நல்லா சுருங்கும், போட்டோ வீடியோ சுருங்கவே சுருங்காது, ஏற்கனவே சுருக்கினதுதான் அது. 1 டிபி இருந்தா சாதாரண வீட்டுக்கு ரெண்டு மூணு இமேஜ் தாராளமா நிக்கும். கம்ப்யூட்டர்ல மாட்டினா 931 ஜிபின்னு காட்டும், ஏமாத்திட்டாங்கன்னு கடைக்கு போக வேண்டாம், கணக்கு போடற முறை வேற, அவ்வளவுதான்.

நேரம் எந்த ஓட்டையில சொருகுறீங்கங்கறதுல இருக்கு. யுஎஸ்பி 2-ல நொடிக்கு 35 எம்பி பக்கம்தான் ஓடும், 120 ஜிபிக்கு ஒரு மணி நேரம். யுஎஸ்பி 3-ல சாதாரண சுத்துற டிஸ்க்கே 100 எம்பி தரும், இருபது நிமிஷத்துல முடியும். நிறைய மெஷின்ல யுஎஸ்பி 3 ஓட்டைக்குள்ள நீல பிளாஸ்டிக் இருக்கும். டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க, பாதியில கரண்ட் போனா இமேஜ் வீணாகும், அதாவது பரவாயில்ல, ரீஸ்டோர் பண்ணும்போது பாதியில போனா மெஷினே பூட் ஆகாது.

டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணுங்க. ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது.

ஃபுல், இன்க்ரிமென்டல், டிஃபரன்ஷியல்னு கேக்குது, எதை போடறது?

ஃபுல்னா ஒவ்வொரு தடவையும் எல்லாம். இன்க்ரிமென்டல்னா போன பேக்கப்புக்கு அப்புறம் மாறினது மட்டும், சின்னதா இருக்கும், ஆனா சங்கிலி மாதிரி, நடுவுல ஒரு ஃபைல் காணாம போச்சுன்னா அதுக்கு அடுத்து வந்தது எதுவும் உதவாது. டிஃபரன்ஷியல்னா முதல் ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது மொத்தமும், ரீஸ்டோர் பண்ண ரெண்டே ஃபைல் போதும். இடம் இருந்தா ஃபுல்லாவே எடுங்க. இடம் பத்தலைன்னு ஃபோல்டருக்குள்ள போய் நடுவுல இருக்கிற பெரிய ஃபைலை கையால அழிக்கிறவங்க இருக்காங்க, அதை மட்டும் பண்ணாதீங்க, சாஃப்ட்வேர்லயே எத்தனை வைக்கணும்னு செட் பண்ற இடம் இருக்கு.

ரெஸ்க்யூ பென்டிரைவ் பண்ணு பண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு, அவசியமா?

இந்த பக்கத்துல ஒரே ஒரு பதிலை படிக்கப் போறீங்கன்னா இதை படிங்க. விண்டோஸ்குள்ள இருந்து ஓடுற சாஃப்ட்வேர்ல இமேஜ் எடுக்கிறதுக்கு விண்டோஸ் ஓடணும், ஆனா இமேஜ் தேவைப்படற அன்னிக்கு விண்டோஸ் ஓடாது. அப்ப உங்க சாஃப்ட்வேரை எங்க இருந்து திறப்பீங்க? அதுக்குத்தான் இந்த பென்டிரைவ். இமேஜ் எடுக்கிற அதே நாள்ல பண்ணுங்க, 8 ஜிபி போதும், உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்.

பண்ணினா மட்டும் பத்தாது, அதுல இருந்து ஒரு தடவை பூட் பண்ணி பாருங்க. மெஷினை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணின உடனே எஃப்12, எஃப்9, எஸ்கேப்னு உங்க கம்பெனி வச்சிருக்கிற கீயை தட்டினா பூட் மெனு வரும், பென்டிரைவை தேர்ந்தெடுங்க. உள்ள போனதும் ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கிற இமேஜ் கண்ணுக்கு தெரியுதா. ரெண்டு, லேப்டாப்போட சொந்த டிஸ்க் தெரியுதா. இந்த ரெண்டாவதுலதான் நிறைய புது லேப்டாப் கவுத்திடும். இன்டெல் 11-வது தலைமுறை ப்ராசஸர்ல இருந்து வந்த பலதுல விஎம்டின்னு ஒரு டிஸ்க் செட்டிங் பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டப்) ஆன்ல இருக்கும், அதுக்கான டிரைவர் பென்டிரைவ்ல இல்லைன்னா உள்ள இருக்கிற எஸ்எஸ்டியே லிஸ்ட்ல வராது. டிஸ்க் செத்துடுச்சுன்னு நினைச்சு கடைக்கு தூக்கிட்டு போறவங்க உண்டு. லேப்டாப் கம்பெனி சைட்ல இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்னு தேடி அந்த டிரைவரை பென்டிரைவ் பண்ணும்போதே சேர்த்துடுங்க. வீம் உங்க மெஷின்ல இருக்கிற டிரைவரை தானே எடுத்து சேர்த்துக்கும், எனக்கு அதை பிடிக்கிறதுக்கு பாதி காரணம் இதுதான். பயாஸ்ல போய் விஎம்டியை ஆஃப் பண்ணுன்னு சில வீடியோல சொல்வாங்க, முன்னேற்பாடு இல்லாம சட்டுனு ஆஃப் பண்ணினா இருக்கிற விண்டோஸே நீல ஸ்கிரீன்ல நின்னுடும்.

இதெல்லாம் பார்த்துட்டு ரீஸ்டோர் பட்டனை அமுக்காம கேன்சல் பண்ணி வெளிய வந்துடுங்க. பழைய டிஸ்க் ஒண்ணு சும்மா கிடந்தா அதுல நிஜமா ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணி பாக்கறது இன்னும் நல்லது.

பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) இருந்தா பிரச்சனையா?

விண்டோஸ் 11-ஐ 24எச்2 பதிப்புல இருந்து புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா, ஹோம் பதிப்புலயும் பெரும்பாலும் டிஸ்க் தானாவே பூட்டிக்கும், உங்களுக்கு தெரியாமயே நடந்திருக்கும். முதல்ல 48 இலக்க ரெக்கவரி கீயை உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல தேடி எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க. அந்த கீயை அதே லேப்டாப் டெஸ்க்டாப்ல நோட்பேட்ல வைக்கிறது பெட்டி சாவியை பெட்டிக்குள்ளயே வச்சு பூட்டுற கதை.

விண்டோஸ் ஓடும்போதே இமேஜ் எடுத்தா பூட்டு திறந்த நிலையில படிக்கிறதால சின்ன இமேஜா வரும், ஆனா அந்த இமேஜுக்குள்ள இருக்கிறது பூட்டு இல்லாத டேட்டா, எக்ஸ்டர்னல் டிஸ்க் யார் கையில கிடைச்சாலும் திறக்கலாம், அதனால இமேஜுக்கு தனியா பாஸ்வேர்ட் போடுங்க. வெளிய இருந்து க்ளோன்சில்லால பூட்டின பார்ட்டிஷனை எடுத்தா அதுக்கு எது காலி எது நிரம்பினதுன்னு தெரியாது, 500 ஜிபி பார்ட்டிஷன்னா 500-ஐயும் ஒரு எழுத்து விடாம காப்பி எடுக்கும்.

புது பெரிய எஸ்எஸ்டிக்கு க்ளோன் பண்ணிட்டேன், ஆனா சி டிரைவ் பழைய அளவுலயே இருக்கு?

இது தினமும் வர்ற கேள்வி. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்தீங்கன்னா இடது பக்கம் 100 எம்பிக்கு இஎஃப்ஐ-ன்னு பூட் ஆகறதுக்கான பகுதி, அடுத்து சி, அதை ஒட்டி சில நூறு எம்பிக்கு ரெக்கவரி பார்ட்டிஷன், அதுக்கும் வலது பக்கம் கருப்பு பட்டையோட காலி இடம் நிக்கும். சியை ரைட் கிளிக் பண்ணினா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கி போயிருக்கும். காலி இடம் சியை ஒட்டி இருந்தாத்தான் விண்டோஸ் சேர்க்கும், நடுவுல அந்த ரெக்கவரி குட்டி உக்காந்து வழியை மறிக்குது. சாஃப்ட்வேர்ல க்ளோன் பண்ணும்போதே பார்ட்டிஷனை இழுத்து அளவு மாத்தற வசதி இருந்தா அங்கயே சரி பண்ணிடலாம். இல்லைன்னா ஜிபார்ட்டட்-ன்னு பார்ட்டிஷன் அளவு மாத்தற இலவச சாஃப்ட்வேரை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ரெக்கவரியை வலது ஓரத்துக்கு நகர்த்திட்டு அப்புறம் சியை நீட்டுங்க.

இன்னொண்ணு, க்ளோன் முடிஞ்சதும் முதல் தடவை பூட் பண்ணும்போது பழைய டிஸ்க்கை கழட்டிடுங்க. ரெண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், விண்டோஸ் குழம்பி ஒண்ணை ஆஃப்லைன்னு தள்ளிடும். பழைய டிஸ்க்கை ரெண்டு வாரம் அழிக்காம அப்படியே வைங்க.

க்ளோன்சில்லா ஸ்கிரீன் பாத்தாலே பயமா இருக்கு, தப்பான டிஸ்க்கை அழிச்சிட்டா?

பயம் நியாயம்தான். அங்க சி, டின்னு பேர் வராது, எஸ்டிஏ, எஸ்டிபி, என்விஎம்இ-ன்னு வரும், பக்கத்துல அளவும் மாடல் பேரும் இருக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விண்டோஸ்ல க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கோட மாடல், ஆரோக்கியம் காட்டுற இலவச சாஃப்ட்வேர்) திறந்து எந்த டிஸ்க் என்ன மாடல்னு எழுதி வச்சுக்கோங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒரே அளவு, ஒரே மாடல்னா கடைசி சில எழுத்து சீரியல் நம்பரைத்தான் பாக்கணும். எழுதறதுக்கு முன்னாடி நிச்சயமா நிச்சயமான்னு ரெண்டு தடவை கேக்கும். பழக்க தோஷத்துல ஒய் ஒய்னு தட்டாம அந்த வரியை படிங்க, எந்த டிஸ்க் அழியப் போகுதுன்னு அதுலயே இருக்கு.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ்ல இருக்கே, இமேஜ் எதுக்கு?

அது சிங்க், அதாவது ரெண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைக்கிறது, இங்க அழிச்சா அங்கயும் அழியும். குப்பைத் தொட்டியில 30 நாள் இருக்கும், அதுக்குள்ள கவனிச்சா உண்டு. அதோட இலவச இடம் கூகுள்ல 15 ஜிபி, ஒன்டிரைவ்ல 5 ஜிபி, ஒரு கல்யாண ஆல்பத்துக்கே பத்தாது.

யாரும் சொல்லாத ஒரு சிக்கலும் இருக்கு. ஒன்டிரைவ்ல ஃபைல் பக்கத்துல மேகம் படம் இருந்தா அந்த ஃபைல் உங்க டிஸ்க்ல இல்ல, பேர் மட்டும்தான் இருக்கு. இமேஜ் எடுத்தாலும் அந்த பேர்தான் இமேஜுக்குள்ள போகும். முக்கியமான ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி எப்பவும் இந்த டிவைஸ்லயே வைன்னு போட்டு, பச்சை டிக் வந்த அப்புறம் எடுங்க.

ரான்சம்வேர் (ஃபைலை பூட்டி வச்சு காசு கேக்கற வைரஸ்) வந்தா பேக்கப்பும் போயிடுமா?

டிஸ்க்கை எப்பவும் சொருகியே வச்சிருந்தா போயிடும். அதுக்கு உங்க எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் சி, டி மாதிரி இன்னொரு டிரைவ்தான், உள்ள போய் பூட்டிடும். 2017 மே மாசம் வானாக்ரை வந்தப்ப செய்தியில பாத்திருப்பீங்க, ஆனா வீட்டுக்கு வர்றது பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் கூடத்தான். பேக்கப் முடிஞ்சதும் கழட்டி அலமாரியில வைங்க.

டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது, இப்ப இமேஜ் எடுக்கலாமா?

முதல்ல இமேஜ் வேண்டாம். ரொம்ப முக்கியமான ஃபோல்டரை மட்டும் காப்பி எடுங்க, அப்புறம் மத்தது. இமேஜ் டிஸ்க்ல நிரம்பினது மொத்தத்தையும் படிக்கும், சாகப்போற டிஸ்க்குக்கு அந்த வேலையே அதிகம். க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல மஞ்சள்ல எச்சரிக்கை காட்டும்போதே இதை பண்ணியிருந்தா நல்லது. காப்பியே ஆகலை, அந்த டேட்டா அவ்வளவு முக்கியம்னா ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட கொடுங்க, சும்மா சும்மா ஆன் பண்ணி பாக்காதீங்க.

டேலி ஓடும்போதே இமேஜ் எடுக்கலாமா?

விண்டோஸ்ல ஷேடோ காப்பின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஃபைல் திறந்திருந்தாலும் அந்த நொடியில இருந்த நிலையை பிடிச்சு கொடுக்கும், அதனால எடுக்கலாம். ஆனாலும் கணக்கு விஷயம், மூடிட்டு எடுங்க. டேலிபிரைம்ல ஆல்ட் ஒய் அமுக்கினா அதுக்குள்ளயே பேக்கப் இருக்கு, அதை தினமும் தனியா பென்டிரைவ்ல எடுக்கறது வேற, இமேஜ் வேற, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு ஆகாது.

புது லேப்டாப் வாங்கினேன், பழைய இமேஜை இதுல போடலாமா?

போடலாம், ஆனா வேண்டாம். டிரைவர் வேற, பூட் ஆனாலும் பழைய கம்பெனியோட குப்பையெல்லாம் கூட வரும், விண்டோஸ் லைசென்ஸும் பழைய மதர்போர்டோட ஒட்டினது. நிறைய சாஃப்ட்வேர்ல இமேஜை ஒரு டிரைவ் மாதிரி திறந்து பாக்கற வசதி உண்டு, திறந்து வேண்டிய ஃபோல்டரை மட்டும் இழுத்துக்கோங்க.

மேக் வச்சிருக்கேன்.

டைம் மெஷின் ஆன் பண்ணுங்க, 2007-ல இருந்து உள்ளயே இருக்கு, வேற எதுவும் தேட வேண்டாம்.

எத்தனை காப்பி, எங்க வைக்கிறது?

பீட்டர் க்ரோக்-னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு இருக்கு, மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளிய. வீட்டுக்கு வெளியங்கறது அதிகப்படியா தோணும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல கீழ் தளத்துல தண்ணி ஏறின வீடுகள்ல லேப்டாப்பும் அதோட எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே மேஜையில இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க. அக்கா வீட்டுலயோ அம்மா வீட்டுலயோ ஒரு டிஸ்க் பாஸ்வேர்ட் போட்டு வச்சுட்டு, பொங்கல் தீபாவளிக்கு போகும்போது புதுசை கொடுத்து பழசை வாங்கிட்டு வாங்க. எஸ்எஸ்டியை மட்டும் கரண்ட் படாம வருஷக்கணக்குல அலமாரியில போட்டு வைக்காதீங்க, அதுல டேட்டா மெல்ல மெல்ல போக வாய்ப்பு உண்டு, இதுக்கு சுத்துற டிஸ்க்தான் சரி.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை?

ஃபைல் வாரம் ஒரு தடவை. இமேஜ் மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும், அது தவிர விண்டோஸோட பெரிய அப்டேட்டுக்கு முன்னாடியும், சர்வீஸ் கடைக்கு கொடுக்கறதுக்கு முன்னாடியும் கட்டாயம். கடையில கேக்காம ஃபார்மேட் பண்றது சகஜம், கீபோர்டு மாத்த கொடுத்தா கூட.